பாய், கிண்ணம், குப்பி

...இல்லை, வெளிக்குத்தான் போயிருப்பாள், எழுந்து நடக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது, நல்லதுதானே, என்றுதான் முதலில் நினைத்தேன், ஒரு கையில் மைக்கிண்ணமும் மறு கையில் தகர அச்சுகளுமாகப் பெண்கள் வார்டின் கடைசிப் பாய்க்கு முன்னால் நின்றுகொண்டு. போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. தலைமாட்டில் சுவரில் அடித்திருந்த ஆணி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது, அந்த ஆணியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, வெளிக்குப் போகிறவள் ஆணியில் தொங்குகிற கணக்குச் சீட்டை எதற்காக அவிழ்த்து எடுத்துக்கொண்டு போகிறாள்? வார்டு ஆயா புஷ்பமேரியைக் கூப்பிட்டேன், அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கஞ்சி எறக்கப் போனேன்ய்யா, அதுக்குள்ள... நேத்துப் பூரா அந்தச் சீட்டயேல்லா தடவிக்கிட்டுக் கெடந்தா, நான் ஏதோ அவ சாமி படம்னு நெனச்சேன்" என்றாள். சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாளாம். அந்தக் கணத்தில் எனக்கு வந்தது பயமா? பயம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஒரு சின்னப் பெருமை, எழுத்தறியாதவள் ஒருத்தி நான் செய்த சீட்டைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் படித்திருக்கிறாள் என்று... மனுஷன் மனசு எவ்வளவு கேவலமான இடம்.

குருவம்மாள், ஆற்றங்கரை லயத்துச் சின்னமுத்துவின் பெண்சாதி, தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள், நெஞ்சில் சளி இறுகி மூச்சு விட்டால் விலாவில் குத்துகிற காய்ச்சலோடு வந்தவள், நிமோனியா என்று டாக்டர் எழுதியிருந்தார். டாக்டர் கோட்டயம் பக்கத்துக்காரர், இத்தனை வருஷம் எங்களோடு இந்த மலையில் இருந்தும் தமிழை மலையாளத்தில் ஊறப்போட்டுத்தான் பேசுவார், காய்ச்சலைப் பனி என்பார், நான் போய்ச் சொன்னதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "எங்க போயி அவ? பனி விடற சமயமாணு இது, ஏசுரத்தினம், அது வரை அனங்காம அசையாம கெடக்கணும்னு சொல்லியதல்லே? இந்த மழை நனைஞ்சா தீர்ந்து, அத்ரதான். போயி கொண்டு வாடோ." அவருடைய கோபம் அவள் மேலா என் மேலா என்று தெரியவில்லை. மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார், வரமாட்டேன் என்றால் இதையாவது குடிக்க வை என்றார். தூக்கி வர ஆள் அனுப்பலாமே என்று சொல்ல வாயெடுத்தேன், வார்டில் சேர்ந்தவள் ஓடிப்போனால் தேடுவது யார் வேலை? சீட்டுப் போடுகிறவன் வேலை. ஆஸ்பத்திரி ரைட்டர் வேலை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாதை பாதையாகவா இருக்கிறது, போன வருஷத்துப் பெருவெள்ளத்தில் போன பாலத்தை இன்னும் கட்டி முடிக்கவில்லை, இரண்டு மரத்தைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், அதன் மேல் அவள் எப்படி நடந்து போனாள், நிற்கக்கூட முடியாதவள், நேற்று கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கக் கை நடுங்கியவள்... ஒருவேளை விழுந்திருந்தால்? குனிந்து தண்ணீரைப் பார்த்தேன், தண்ணீர் செம்மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது, என்ன பைத்தியக்காரத்தனம், விழுந்திருந்தால் இந்நேரம் இங்கேயா கிடப்பாள். காலில் அட்டை ஏறியிருக்கும், ஏறட்டும், நின்று பார்க்க நேரமில்லை. அறிவுகெட்டவள், இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் என்ன குறைந்து போகும், கஞ்சி கொடுக்கிறோம், கதகதப்பாக அறை இருக்கிறது, கூலிக்காரர் லயத்து அறையில் என்ன இருக்கிறது, புகை இருக்கிறது, ஒழுகுகிற தகரம் இருக்கிறது. இப்படித்தான் இந்த ஜனங்கள், நல்லது செய்தால் அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்... என்று திட்டிக்கொண்டே நடந்தேன், திட்டினால் நடை வேகமாக வருகிறது, யோசித்தால் கால் பின்னுகிறது, அதனால் திட்டினேன். ஆனால் எவ்வளவு தூரம்தான் திட்டிக்கொண்டே போவது, தேயிலைச் செடிக்கு நடுவே மழையும் நானும் மட்டும்தான், மனசு தானாகப் பின்னால் போகிறது, அந்தச் சம்பள நாளுக்கு, அழகுமலை கிழவனுக்கு.

அப்போதெல்லாம் சீட்டே கிடையாது. சம்பள நாளன்று பேர் வாசிப்பார்கள், இவ்வளவு கூலி, கங்காணி முன்பணம் இவ்வளவு, அரிசி இவ்வளவு, ஆஸ்பத்திரி இவ்வளவு, மிச்சம் இந்தா, அடுத்த ஆள். ஆஸ்பத்திரி என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் கஞ்சியா, மருந்தா, படுத்த நாளா, என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது, மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் பார்ப்பார்கள், திருட்டு ரைட்டர் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போவார்கள், சில பேர் வாய்க்கு வெளியேயும். ஒருத்தன் என் காலடியில் துப்பினான், மேலே படவில்லை, ஆனால் பட்டது மாதிரிதான். அழகுமலை துப்பவில்லை, அவன் பெண்சாதி அந்த மாதம் வார்டில் செத்துப்போயிருந்தாள், காசைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான், "செத்ததுக்கும் காசுங்களாய்யா?" என்று. இல்லையப்பா, அது சாவதற்கு முன்னால் அவள் குடித்த கஞ்சிக்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும், அதை எப்படிச் சொல்வது, பின்னால் வரிசை நிற்கிறது, நகரு நகரு என்கிறார்கள், அவன் தலையாட்டிக்கொண்டு போய்விட்டான், சாவுக்கும் இந்த எஸ்டேட்டில் விலை உண்டு என்று நம்பிக்கொண்டே போனான். இது இப்படி இருக்கக் கூடாது, காசு எதற்குப் போகிறது என்று அவனவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானம் பண்ணினேன்.

முதலில் அழகாக எழுதித்தான் பார்த்தேன், நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பார்த்து பாதிரி ஐயர் மற்றப் பையன்களுக்குக் காட்டுவார், உருட்டி உருட்டிப் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தேன், வாங்கியவன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றான். சரி, எழுத்து வேண்டாம், படம். தேயிலை பாக்டரியில் பெட்டிக்கு மேல் மார்க் அடிக்கத் தகரத்தில் எழுத்தை வெட்டி, மேலே மையைத் தேய்ப்பார்களே, அதை வெட்டுகிறவன் இன்னாசிராஜ், எனக்குக் கோயில் பழக்கம், அவனைப் பிடித்துச் சின்னச் சின்னதாக அச்சு வெட்டச் சொன்னேன். வார்டுக்கு ஒரு கட்டில், கஞ்சிக்கு ஒரு கிண்ணம், மருந்துக்கு ஒரு குப்பி. கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் புஷ்பமேரி விழுந்து விழுந்து சிரித்தாள், "இது கிண்ணமாய்யா? பெரிய தொரை தொப்பியக் கவுத்து வச்சாப்புல இருக்கு." குப்பியைப் பார்த்து ஆண்கள் வார்டில் சாராயம் கொடுக்கிறார்களாம் என்று லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது, ஒன்றுமில்லாத இருமலோடு நாலு பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்கள். கட்டில்தான் பெரிய தொல்லை, எங்கள் வார்டிலேயே கட்டில் கிடையாது, துரைமார் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டு வரைந்துவிட்டேன், நாலு காலும் நடுவே ஒரு பலகையும், ஒரு பெண்பிள்ளை பார்த்துவிட்டு அலறினாள், "நாளுக்கு ஒரு பாடை போட்டிருக்காகளே" என்று. கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் போட்டேன், சுருட்டாத பாய், ஓரத்தில் கோரை நுனி தெரிகிற மாதிரி. கிண்ணத்துக்கு மேல் ஆவி எழும்புகிற மாதிரி மூன்று கீற்று. குப்பிக்குள் ஒரு கரண்டி. ஒவ்வொன்றுக்கும் கீழே அணாவுக்கு ஒரு வட்டம். அப்போதுதான் விளங்கிற்று, காட்டியவுடன் விளங்கிற்று, ஆண், பெண், கிழடு யாரிடம் காட்டினாலும் விரலை வைத்துச் சொன்னார்கள், இது படுத்ததுக்கு, இது குடித்ததுக்கு, இது மருந்துக்கு என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, உண்மையாகவே.

பெரட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது, வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்கு முன்னால், ஒரு பெட்டி மேல் ஏறி நின்று நான் பேசினேன். அதை இப்போது நினைத்தால்... அப்போது என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. இனிமேல் சீட்டு உங்கள் தலைமாட்டிலேயே தொங்கும், தினமும் காலையில் உங்கள் கண் முன்னால்தான் அச்சு விழும், சீட்டில் இல்லாததை யாரும் பிடிக்க முடியாது, கங்காணி சொன்னாலும் நம்பாதீர்கள், டாக்டர் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் நம்பாதீர்கள், சீட்டை மட்டும் நம்புங்கள். சிரித்தார்கள், யாரோ கையைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த சம்பள நாளில் ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சீட்டைக் காட்டினார்கள், சரி பார்த்தார்கள், போனார்கள். பெரிய துரை இரண்டு சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் கிளப்பில் மற்றத் துரைமாருக்குக் காட்டினாராம், சூரியநெல்லிப் பக்கமிருந்து ஒரு ரைட்டர் அச்சைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். நான் அந்தக் காலத்தில் எவ்வளவு நன்றாகத் தூங்கினேன்! வெளிச்சம் இருக்கும்போதே படுத்துவிடுவேன். இப்போது கேட்கிறேன், யாருக்காகச் செய்தேன்? அழகுமலைக்காகத்தான், சத்தியமாக அவனுக்காகத்தான்... இல்லையா? அவனுக்காகத் தொடங்கினேன், காலடியில் விழுந்த எச்சிலுக்காக முடித்தேன், இரண்டும் கலந்துதான் இருந்தது, எது எவ்வளவு என்று எந்த அச்சை வைத்துக் காட்டுவது.

நேற்றுக் காலை. இதைத்தான் நான் நினைக்காமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். நேற்றுக் காலை குருவம்மாளின் சீட்டில் பாயை அடித்தேன், கிண்ணத்தை அடித்தேன், குப்பியை அடித்தேன், ஈரம் காய்வதற்காக ஊதினேன், அவள் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் பளபளவென்று இருந்தது, காய்ச்சல் பளபளப்பு, நான் அதைக் கவனிப்பு என்று எடுத்துக்கொண்டேன். "இன்னும் எத்தன பாய் விழுகும்யா?" என்று கேட்டாள். நான் சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டேன், சம்மணம் போட்டு, பாடம் நடத்துகிற மாதிரி. நாலைந்து பாயாவது விழும் என்றேன், பாய்க்கு ஒரு கிண்ணம், இரண்டு குப்பி, அப்படியென்றால் இந்த வரிசை இதோ இது வரைக்கும் வரும் என்று விரலை வைத்துக் காட்டினேன், காகிதத்தின் வெறும் இடத்தில், இன்னும் விழாத பாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். விளங்குகிறதா என்றேன். நல்லா விளங்குதுய்யா என்றாள். அப்புறம் நான் எழுந்து அடுத்த பாய்க்குப் போய்விட்டேன். பழைய மாதிரியே இருந்திருந்தால்... அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கிடந்திருப்பாள், காய்ச்சல் விடுகிற வரைக்கும் கிடந்திருப்பாள், சம்பள நாளன்று மிச்சத்தைப் பார்த்து என்னைத் திட்டியிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், திருட்டு ரைட்டர் நாசமாய்ப் போக என்றிருப்பாள், உயிரோடு நின்று திட்டியிருப்பாள். அதற்காகச் சீட்டு தப்பு என்று ஆகிவிடுமா? கண்ணைக் கட்டிக் காசைப் பிடிப்பதுதான் சரியா? அது எப்படிச் சரியாகும்... காய்ச்சல்காரியிடம் எதற்குக் காசு என்று ஏன் ஒருவனும் கேட்கவில்லை, நான் ஏன் கேட்கவில்லை? இத்தனை மாதம் தகரத்தை வெட்டிக்கொண்டிருந்தேனே, காசு எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்தேனே தவிர, காசு எதற்காக என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அது துரை விஷயம், ரைட்டர் விஷயம் இல்லை, என்று என் மண்டைக்குள் யார் எழுதி வைத்தது?

லயத்து வாசலில் சின்னமுத்து நின்றிருந்தான், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு, வேலைக்குப் போவதா வேண்டாமா என்று நிற்கிறவன் நிலை. என்னைப் பார்த்ததும் கத்தியை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டான், எதற்கு மறைத்தான் என்று அவனுக்கே தெரியாது. "சொன்னாக் கேக்க மாட்டேங்குறாளுங்கய்யா, நனைஞ்சு வெறைச்சுப் போயி வந்து நிக்கிறா. நானும் திரும்பப் போ திரும்பப் போங்குறேன், வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்கய்யா, நீங்க சொன்னாக் கேப்பா. நான் போகணும், பெரட்டு கலைஞ்சிருச்சு, இதுக்கு மேல போனா அரைப்பேருதான் போடுவாக." அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. பெண்சாதி உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள், இவன் அரைப்பேரை நினைக்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று, அவன் நினைக்காமல் யார் நினைப்பது, நானா நினைப்பேன்? போய் வா என்றேன். போனான், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

உள்ளே ஒரே புகை. அடுப்புப் பக்கத்தில் சாக்கை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், மாற்றுச் சேலை கட்டியிருந்தாள், ஆனால் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விலா ஏறி ஏறி இறங்கிற்று. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், உட்காரு உட்காரு என்று பதறினேன். "கோவிச்சுக்கிறாதீங்கய்யா" என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. மடியிலிருந்து சீட்டை எடுத்தாள், அது மட்டும் நனையவே இல்லை, வாழை மட்டைக்குள் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள், தன் தலைக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளாதவள். "நீங்க குறையா ஒண்ணும் வைக்கலய்யா, ஒங்க சீட்டு நல்லா வெளங்குது. முன்ன எங்க நாத்தனா ஆசுபத்திரியில கெடந்தப்ப ஒண்ணும் தெரியல, கெடந்தா. இப்பக் கண்ணுக்கு முன்னாடி ஏறுது. ஏறுறதப் பாத்துக்கிட்டே எப்படிங்கய்யா படுத்துக் கெடக்க? கண்ண மூடினாலும் பாய் பாயாத் தெரியுது." விரலால் வரிசையைத் தொட்டாள். ஒரு பாய்க்கும் கிண்ணத்துக்கும் ஒரு நாள் கொழுந்துக் கூலி போய்விடுகிறதாம், குப்பிக்கு இன்னொரு நாள். தை பிறப்பதற்குள் முன்பணக் கணக்குத் தீர்ந்தால்தான் கங்காணி ஊருக்கு விடுவார், போடிக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தது, தவழ்கிற பிள்ளையாக விட்டுவிட்டு வந்தது, இப்போது பேசுகிறதாம், இவளைக் காட்டிக் கேட்டால் யாரென்று சொல்லுமோ என்னவோ. நான் காட்டினேனே, இன்னும் விழாத அந்தப் பாய்கள், அந்த இடத்தில் விரலை வைத்து, "இம்புட்டும் விழுந்தா இந்தத் தைக்கும் போக முடியாதுய்யா" என்றாள்.

உன் காசை நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமலேதான் சொன்னேன், ஆனால் மனசாரத்தான் சொன்னேன், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும், நீ எழுந்து வா, ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள், குழந்தை ஏதோ கேட்டுவிட்டது போல. "நீங்க சொல்றீங்க, சீட்டு அப்படிச் சொல்லலியேய்யா. நீங்கதான பெரட்டுல நின்னு சொன்னீக, என் வாயையும் நம்பாதீக, சீட்ட மட்டும் நம்புங்கன்னு." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சீட்டு வருகிற வரைக்கும் இந்த லயத்தில் ஒருத்தருக்கும் என் மேல் நம்பிக்கை கிடையாது, பாடுபட்டு ஒரு காகிதத்தின் மேல் நம்பிக்கை வர வைத்தேன், வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் முழுசாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கத்தினேன், ஆமாம், கத்தத்தான் செய்தேன், "இப்படியே கெடந்தா செத்துப் போவ, தெரியுமா?" பயப்படவில்லை. கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், "அந்தப் பாய் பூராவும் போட்டாப் பொழச்சிருவேனாய்யா?" ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதானே, ஒரு சொல், டாக்டர்கூட அதைச் சொல்லவில்லையே, காய்ச்சல் விடும் சமயம் என்றார், விடும் என்றா சொன்னார்? வார்டில் எல்லாப் பாயும் விழுந்து முடிந்து அப்புறம் செத்தவர்கள் இல்லையா, அழகுமலை பெண்சாதி? பாய்க்கு எவ்வளவு, கஞ்சிக்கு எவ்வளவு என்று சீட்டு அடித்துச் சொல்கிறது, அதற்குப் பதிலாக அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அதில் ஒரு சுண்டுவிரல் இடம்கூட நான் விடவில்லை, விட்டிருந்தாலும் எதை வெட்டி அடிப்பேன்.

சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தேன், சரி, வரவேண்டாம், இதையாவது குடி என்றேன். அதைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், "வேண்டாம்யா, அது ஏறும்." ஏறாது, இது சும்மா என்றேன். சும்மாவுக்குப் படம் இல்லையே என்றாள், அவள் சொன்னது உண்மை, சும்மாவுக்கு நான் படம் வெட்டவில்லை. நான் குப்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறாள், விஷம் கொடுக்க வந்தவனைப் போல என்னைப் பார்க்கிறாள், புகையில் எனக்குக் கண் எரிகிறது, இருமினாள், இருமி முடிக்கிற வரைக்கும் நான் என் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "ஒரு கோடு போட்டுக் குடுங்கய்யா. கங்காணி கணக்கு முடிஞ்சாப் போடுவாரே, அடியில, அந்த மாதிரி. கோடு போட்டுட்டீகன்னா அதுக்குக் கீழ யாரும் ஏத்த மாட்டாக. போட்டுக் குடுங்க, குடிக்கிறேன்." கோடு என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோடு போட்டால் கணக்கு முடிந்தது, கணக்கு முடிந்தால் வார்டில் அவளுக்கு இடம் இல்லை, வராந்தாவில் காத்திருக்கிற இன்னொருத்திக்கு அந்தப் பாய் போய்விடும், திரும்பி வந்தால் புதுச் சீட்டு, முதல் பாயிலிருந்து. டாக்டர் என்னைத் தொலைத்துவிடுவார், கொண்டு வா என்று அவர் அனுப்பிய ஆளே அவளை வார்டிலிருந்து அனுப்பிவிட்டு வந்தால்? ஆனால் மருந்து உள்ளே போகுமே, ஒரு வேளையாவது போகுமே, ஒன்றும் இல்லாமல் கிடப்பதற்கு... அப்படித்தான் என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன், ஒரு குப்பிக்கு ஒரு வார்டை விற்கிறேன் என்று தெரிந்துதான் பண்ணிக்கொண்டேன்.

மைப் பென்சிலை எடுத்து நாக்கில் நனைத்தேன். அடுப்புப் பக்கத்தில் கிடந்த ஒரு பலகையைத் தொடைமேல் வைத்து அதன்மேல் சீட்டை விரித்தேன், கடைசிக் குப்பிக்கு அடியில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். அவள் சீட்டை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தாள், கோட்டின் மேல் விரலை ஓட்டினாள், முதல் தடவையாக முகம் தளர்ந்தது, குப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தாள், கசப்பில் கண்ணை மூடிக்கொண்டாள், மூச்சு சீட்டியடிக்கிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கேட்டுக்கொண்டே நான் அவள் மடியில் கிடந்த சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கோடு எங்கேயாவது வளைந்திருக்கிறதா என்று. வளையவில்லை, நேராகத்தான் வந்திருந்தது.